எண்ணெய்ச் சட்டி ஆறாத ஊர்: நெல்லைச் சீமையில் ஒரு மார்கழி

டிசம்பர் 23, 2025, செவ்வாய் – பாளையங்கோட்டை

"பெட்டியை அப்படி ஓரமா வச்சிட்டு கையைக் கழுவிட்டு வா. அம்மாவுக்கு ஆள் பத்தல." வாசலில் தோழி சொன்ன வரவேற்பு இதுதான். கோவையில் எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ், பேக்கரியில் வாங்கும் பிளம் கேக்கும் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் மாட்டும் சிவப்புத் தொப்பியும்தான். அரையாண்டு விடுமுறையில் மகனையும் இழுத்துக்கொண்டு வந்தது ஓய்வெடுக்கலாம் என்றுதான்.

பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, இரண்டு இரும்புச் சட்டி ஏற்றியிருந்தார்கள். தோழியின் அம்மா மாவுப் பக்கம், ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா எண்ணெய்ப் பக்கம். பக்கத்து வீட்டு ஆச்சி முக்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி வீடு சுத்த சைவம், நெற்றி நிறையத் திருநீறு. அச்சு முறுக்கு மாவில் முட்டை சேரும். அதனால் முதல் ஈடு ஆச்சிக்காக முட்டை போடாமல் தனியாகச் சுடுகிறார்கள். அது முடிந்த பிறகுதான் மாவில் முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வருஷா வருஷம் அப்படித்தானாம்.

அச்சு முறுக்குக்கு அரிசி மாவும் மைதாவும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கொஞ்சம் எள்ளும். அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கினால் கொஞ்ச நேரத்தில் தானாகக் கழன்று மிதக்கிறது. விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அச்சைவிட்டு வரவே வராது. "முழுசா முக்கிராதட்டி, பொறவு ஊசி வச்சு நோண்டணும்" என்று பெரியம்மா என்னை எச்சரித்தபடியே இருந்தார்.

முந்திரிக்கொத்துக்கு வேலை இன்னும் அதிகம். பாசிப்பயறை வாசம் வர வறுத்து, திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துப் போட்டு, கருப்பட்டிப் பாகு ஊற்றிச் சூட்டோடு உருட்ட வேண்டும். உள்ளங்கை சிவந்துவிடுகிறது. மூன்று மூன்று உருண்டையாக ஒட்டி, மஞ்சள் போட்ட அரிசி மாவில் முக்கிப் பொரித்தால் ஆயிற்று. நல்ல கருப்பட்டி கிலோ 400 ரூபாய்க்கு உடன்குடிப் பக்கமிருந்து வந்திருந்தது. தேங்காய் ஒன்று 40 ரூபாய். "தேங்கெண்ணெய் விக்கிற வெலைக்கு இந்த வருஷம் கடலெண்ணெய்தான்" என்றார் அம்மா, யாரோ அவரை ஏமாற்றிவிட்ட குரலில்.

இவ்வளவையும் யார் தின்பது என்று கேட்டேன். தோழி சுவரில் கிடந்த நாள்காட்டித் தாளைக் காட்டினாள். பின்புறம் வீடுகளின் பட்டியல். நாற்பதுக்குக் குறையாது. அவற்றில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர் அல்லாத வீடுகள். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த பாத்திரங்கள் அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவது இங்கே வழக்கமில்லை. அதனால் இரண்டு மாதமாகக் காத்திருக்கின்றன.

மாலையில் நல்ல மழை. மாடியில் கட்டியிருந்த தாள் நட்சத்திரம் ஊறிக் கிழிந்து, பல்பு மட்டும் தொங்கியது.

டிசம்பர் 24, புதன் – பாளை மார்க்கெட், நெல்லை டவுன்

காலையில் கறிக்கடைக்குப் போனோம். ஆட்டுக்கறி கிலோ 900. முந்தின நாளே சொல்லி வைத்தவர்களுக்குத் தனி வரிசை. சொல்லி வைக்காத ஒருவர், "அண்ணாச்சி, அரைக் கிலோவாவது பாத்துப் போடுங்க" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். எங்களுக்குப் போட்டதிலிருந்து ஒரு கைப்பிடி நெஞ்செலும்பை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டு, "ஒங்களுக்கு வேற வெட்டுதேன்க்கா" என்று எங்களிடம் சொன்னார் கடைக்காரர். எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. ஆனால் கோபம் வரவில்லை.

மாலையில் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் நெல்லை டவுனுக்கு. நெல்லையப்பர் கோயில் தேரடி, அல்வாக் கடைகள், கூட்டம். இந்த அல்வாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுத ஒன்றும் மீதமில்லை. சூடாக இலைத்துண்டில் வாங்கி நின்றபடி தின்பதற்கும், டப்பாவில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோய்த் தின்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தூத்துக்குடியில் வேலை பார்க்கும் தோழியின் கணவர் கால் கிலோ மக்ரூன் வாங்கி வந்திருந்தார். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான் சரக்கு. ஈரக்காற்று பட்டால் தாங்காது. குழந்தைகள் டப்பாவை மூடாமல் விட்டுவிட்டார்கள். ராத்திரி பார்த்தால் மொத்தமும் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஸ்பூனால் வழித்துத் தின்றோம். ருசியில் குறையில்லை.

பதினொன்றரைக்கு மேல் கேரல் குழு வந்தது. வேனில் ஒலிபெருக்கி, கிட்டார், டிரம், முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா. தெருவே விழித்துக்கொண்டது. ஆச்சி வீட்டுத் திண்ணையிலும் விளக்கு எரிந்தது. இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், குழந்தைகளுக்கு மிட்டாய், பெரியவர்கள் கொடுக்கும் கவர். தாத்தா குதித்துக் குதித்து ஆடிவிட்டு முகமூடியைத் தூக்கி, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றார். கல்லூரிப் பையன். முகமெல்லாம் வியர்வை. இன்னும் பத்து வீடு பாக்கி என்றான். அவர்கள் போன பிறகு படுத்தால், மூன்று மணிக்கு அலாரம்.

டிசம்பர் 25, வியாழன் – ஊசிக்கோபுரம்

முருகன்குறிச்சியில் இருக்கும் திரித்துவப் பேராலயத்தை இங்கே யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊசிக்கோபுரம்தான். 1826இல், மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டியது. இந்தப் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்கிறார்கள், அவர் மனைவி ஐயரம்மா. முதல் நாள் இது புரியாமல் கொஞ்சம் விழித்தேன், அப்புறம் பழகிவிட்டது.

இருட்டில் நடந்து போனோம். பனி கொஞ்சமாக இறங்கியிருந்தது. ராஜகோபாலசாமி கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் திருப்பாவை. எதிர்த் திசையில் ஆலய மணி. புதுச்சேலை மொடமொடக்க நடக்கும் பெண்களும், குளித்த தலையோடு கோலப்பொடி டப்பாவுடன் வாசலில் குனிந்திருந்த பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் மார்கழி நாலு மணி என்பது நடு ராத்திரிக் கணக்கில் வராது போலிருக்கிறது.

ஆராதனையில் இடம் கிடைக்காமல் பக்கவாட்டில் நின்றோம். பக்கத்துப் பெண்மணி தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். எனக்குப் பாடத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் விரலால் வரி காட்டினார்.

வெளியே வந்தால் மகனின் ஒற்றைச் செருப்பைக் காணோம். அதே நிறத்தில், இரண்டு அளவு பெரியதாக வேறொன்று கிடந்தது. வேறு எங்கேயோ இன்னொரு சின்னப் பையன் தடுமாறிக்கொண்டிருக்க வேண்டும். கடைகளெல்லாம் அடைப்பு. நாள் முழுவதும் தோழியின் அப்பாவுடைய குளியலறைச் செருப்பில்தான் திரிந்தான்.

காலைச் சாப்பாடு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். தேங்காய் அரைத்து ஊற்றிய, கொஞ்சம் தண்ணியான குழம்பு. இட்லியை ஊறவிட்டுத் தின்ன வேண்டும். எங்கள் பக்கத்துக் குழம்பின் காரம் இதில் இல்லை. மதியம் பிரியாணி வந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் பிரியாணி எங்கும் கிடைக்கும். என்னைக் கேட்டால் மதியமும் அந்தக் குழம்பையே போட்டிருக்கலாம்.

இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவில் தட்டு விநியோகம். ஒரு தட்டுக்கு அச்சு முறுக்கு நாலு, முந்திரிக்கொத்து மூன்று, கைமுறுக்கு, ஒரு துண்டு கேக், ஒரு சீப்பிலிருந்து பிய்த்த இரண்டு பழம், மேலே குரோஷா வேலைப்பாடு செய்த துணி. மகனும் தோழியின் மகளும் பெரிய செருப்பு சப்தத்தோடு தெருத் தெருவாகப் போனார்கள். போன வேகத்தில் தட்டுகள் திரும்பி வந்தன. ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் மல்லிகைப்பூ, ஒன்றில் அந்த வீட்டில் அன்று செய்த வடை. ஆச்சி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சொதி வந்தது. முதல் பாலில் இறக்கி எலுமிச்சை பிழிந்தது, கூடவே இஞ்சித் துவையல். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து இது. "கறியா தின்னு நாக்கு செத்துப் போயிருக்கும், இத ஊத்திக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் தனியாக நடந்துபோய் கிளாரிந்தா கோயிலைப் பார்த்தேன். 1785இல் ஒரு பிராமண விதவை கட்டிய சிறிய ஆலயம். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரிகிறது. ஊசிக்கோபுரத்துக் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. அந்த அமைதிக்காகவே போகலாம்.

டிசம்பர் 27, சனி – தேரிக்காடு

நேற்று நாள் முழுவதும் தூங்கினோம், எழுத எதுவும் இல்லை.

இன்று தோழியின் அப்பா பிறந்த ஊருக்கு, சாத்தான்குளம் தாண்டி. ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேர். பாளையங்கோட்டையின் வயல் பச்சை தீர்ந்து, பனையும் உடைமரமும் செம்மண்ணும் தொடங்கியதும் வெயிலின் நிறமே மாறிவிடுகிறது. மெய்ஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம், 192 அடி, பனைகளுக்கு மேலே வெகுதூரத்துக்கு முன்பே தெரிந்தது. இந்த மணற்காட்டில் இதைத் தூக்கி நிறுத்த ஜான் தாமஸ் ஐயருக்கு எவ்வளவு பிடிவாதம் இருந்திருக்க வேண்டும்!

முதலூரில் நிறுத்தி மஸ்கோத் அல்வா வாங்கினோம். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான குடியிருப்பு அது. இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்துவது அல்வாவுக்காகத்தான். மைதாவைப் பிசைந்து கரைத்துப் பால் எடுத்து, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுகிறார்கள். நெய் கிடையாது. தேங்காய்ப் பால் கக்கும் எண்ணெயிலேயே வெந்து கண்ணாடி மாதிரி ஆகிறது. கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும். திருநெல்வேலி அல்வா தொண்டையில் வழுக்கிப் போய்விடும், இது வாயில் கிடந்து பேசும். எனக்கு இதுதான் பிடித்தது. டவுனில் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன். கிலோ 300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

ஊரில் இன்று அசனம். பண்டிகையை ஒட்டி ஊர் முழுக்க ஒரே இடத்தில் சமைத்து எல்லோருக்கும் போடும் சாப்பாடு. சென்னை, மும்பை, வளைகுடா என்று போனவர்கள் விடுமுறைக்குத் திரும்பியிருக்கும் நாளாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் பிரித்திருந்தார்கள். விடியற்காலையிலிருந்து ஆண்கள்தான் சமையல். பெண்கள் காய் நறுக்கிக் கொடுத்ததோடு சரி, அப்புறம் நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை. இந்த ஏற்பாட்டை எல்லா ஊருக்கும் பரிந்துரைக்கிறேன்.

வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டிக் குவித்திருந்தார்கள். ஆவி அடங்குவதற்குள் அண்டாவில் கறிக்குழம்பு இறங்கியது. கத்தரிக்காயும் கறியோடு சேர்ந்து வெந்து கரைந்திருந்தது. ஐயர் ஜெபம் செய்ததும் பந்தி. இலையைப் போட்டு உட்கார்ந்தால் பக்கத்தில் யார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இடப்பக்கம் பக்கத்து ஊர் அம்மன் கோயில் பூசாரி. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சாம்பார் தனியாக வந்தது. பரிமாறிய பையன் என் இலையைப் பார்த்து, "என்னக்கா, கோழி கொத்துன மாதி சாப்பிடுதிய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு கரண்டி சோறு போட்டான்.

நடக்க முடியாத கிழவர்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் தூக்குவாளிகளில் சோறு போனது. சைக்கிளில் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வாளி மாட்டிக்கொண்டு சிறுவர்கள் பறந்தார்கள்.

பிற்பகலில் தேரிக்குப் போனோம். சிவப்பு மணல் மேடு மேடாக. ராத்திரி மழையில் மேல்மணல் இறுகிக் கிடந்ததால் கால் புதையவில்லை. மகன் உருண்டு விளையாடி, வெள்ளைச் சட்டையை நிரந்தரமாகச் செங்கல் நிறமாக்கிவிட்டான். ஊர் திரும்பியதும் அவித்த பனங்கிழங்கும் சுக்குக் காபியும். பனங்கிழங்கு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது, பொங்கலுக்குத்தான் முற்றுமாம். நாரை உரித்து, நடுத் தும்பை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும் என்று பெரியம்மா பாடம் எடுத்தார்.

டிசம்பர் 28, ஞாயிறு – ஒரு கோழி

அதே ஊரில் காலை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்கள். காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடுவார்களாம். தேங்காய், பூசணிக்காய், ஒரு டஜன் முட்டை, வீட்டில் செய்த கேக், ஒரு குலை வாழை, கால் கட்டிய ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி.

பொருளின் விலைக்கும் ஏலத் தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போனது. துபாயிலிருந்து வந்திருந்த ஒருவரும் அவர் மச்சினரும் அதை மாறி மாறி ஏற்றிவிட்டார்கள். ஊர் ரசித்துச் சிரித்தது. பணம் ஆலயத்துக்கு, கௌரவம் இருவருக்கும், பழம் கடைசியில் ஒரு குழந்தையின் கையில்.

கோழி 600இல் நின்றது. ஏலம் விட்டவர் "ஒரு தரம்" என்றார். என் மகன், தேரியில் கூட விளையாடிய பையனைக் கண்டு கையை உயர்த்தி ஆட்டினான். "அறுநூத்தம்பது! கோயம்புத்தூர்த் தம்பி!" கைதட்டல் வேறு. மறுக்க வழியே இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கோழியை வாங்கிக்கொண்டு நின்றேன். அது என் சேலையில் செய்ய வேண்டியதைச் செய்தது.

பெரியம்மாவுக்குக் கோழியைப் பார்த்ததும் குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. மகன் அழத் தொடங்கினான். பேச்சுவார்த்தை அரை மணி நேரம் நடந்தது. கோழி பெரியம்மா வீட்டிலேயே வளரும், முட்டை அவருக்கு, கோழி இவனுக்கு என்று முடிவானது. ஒப்பந்தம் எவ்வளவு நாள் தாங்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் இடையன்குடியில் ஒரு மணி நேரம். கால்டுவெல் கட்டிய ஆலயம். 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. 33 ஆண்டு. நடுவில் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலையும் எழுதி முடித்துவிட்டார். அவர் கல்லறையும் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. குடிலில் வைத்திருந்த மண் ஆடுகளில் ஒன்றுக்குத் தலை இல்லை. ஆலயத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, "நேத்து ஒரு பிள்ள ஒடச்சிட்டு. அதுவும் ஆடுதான, இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

டிசம்பர் 30, செவ்வாய் – வைகுண்ட ஏகாதசி

வயிறு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஆச்சி வீட்டில் ஏகாதசி விரதம். நானும் மரியாதையாகச் சேர்ந்துகொண்டேன். பக்திக்கும் ஓமத் தண்ணீருக்கும் சரிபாதி பங்கு. மறுநாள் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் ஆச்சியே கொண்டுவந்து தந்தார். இந்தப் பயணத்தில் மிகவும் நன்றியோடு சாப்பிட்டது அதைத்தான்.

ஜனவரி 3, சனி – தாமிர சபை

இன்று திருவாதிரை. ஆச்சியோடு விடியலுக்கு வெகு முன்பே நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டோம். தோழியின் அப்பாதான் காரில் கொண்டுவந்து விட்டார், வெளியே டீக்கடையில் காத்திருந்தார். சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, இங்கே தாமிரம். நடராசருக்கான ஐந்து சபைகளில் ஒன்று இது. நெரிசலில் எனக்குத் தெரிந்தது தீபாராதனையின் வெளிச்சம் மட்டும். என் தோளில் ஏறி உட்கார்ந்த மகனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவன் சொல்லித்தான் நான் கும்பிட்டேன்.

பிராகாரத்தில் யானை எங்கே என்று கேட்டான். பூ விற்கும் பெண் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "காந்திமதி போன ஜனவரியிலதான்யா செத்துப் போச்சு. இந்தத் தெருவே அழுதுச்சு." அவனுக்கு ஒரு முழம் பூவைச் சும்மா கொடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஆச்சி தலையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் களி. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து ரவையாக உடைத்து, வெல்லப் பாகில் வேகவைத்து, தேங்காயும் நெய்யும் போட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ளத் தாளகம். எள், அரிசி, துவரம்பருப்பு, மிளகாய், தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்துப் புளிக்கரைசலில் விட்டு, பூசணி, சேனை, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என்று கண்ணில் பட்ட நாட்டுக்காய் எல்லாம் சேரும். இனிப்புக்குக் குழம்பா என்று தயங்கினேன். ஒரு வாய் வைத்ததும் எள்ளின் மணமும் புளியும் வெல்லத்தைச் சரியாக இழுத்துப் பிடித்தன. தோழியின் அம்மா மூன்றாவது கரண்டி வாங்கிக்கொண்டே, "மைனி, போன வருஷத்தவிட இந்த வருஷம் எள்ளு தூக்கல்" என்றார். "ஒனக்காகத்தான் போட்டேன்" என்றார் ஆச்சி.

ஜனவரி 4, ஞாயிறு – ரயிலில்

தாளகம் மறுநாள்தான் ருசி என்று ஆச்சி நன்றாகச் சுண்டவைத்து ஒரு தூக்கில் கொடுத்திருந்தார். திருநெல்வேலி தாண்டிய கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்க எள் மணம். மூடி கழன்று, பையின் அடியில் வடிந்துகொண்டிருந்தது. அச்சு முறுக்கு டின் தப்பித்தது, என் துண்டு தப்பவில்லை.

எதிர் இருக்கைக்காரர் செய்தித்தாளை மடித்தார். "தாளகமா?" கல்லிடைக்குறிச்சிக்காரர், திருப்பூரில் வேலை, திருவாதிரைக்கு ஊருக்கு வர முடியவில்லை, ஒரு துக்க வீட்டுக்கு நேற்று ராத்திரிதான் வந்தாராம். அவரிடம் எட்டு இட்லி இருந்தது. மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டியது. மீதித் தாளகத்தை இலை நடுவில் கொட்டினோம். நாலு இட்லி அவர், மூன்று நான். மகனுக்கு ஒன்றை நீட்டினேன், வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் ஒதுங்கினான்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்கிறவர் ஏறினார். பாக்கெட்டை மகன் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து, "தம்பி, கோவில்பட்டி ஸ்பெஷல்" என்றார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்தான்.